முதலில் கால், கடைசியில் கை

குய்க்கவாரா
மே 14

அன்பு மகள் தூலிக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா ரைலியும் அடுப்புக்குப் பின்னால் படுத்திருக்கும் பூனையும் சுகம். மூவரில் உழைப்பவன் நான் ஒருவனே. ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று உன் பெரியம்மா பழம் வைத்த அப்பம் மலைபோல் சுட்டு வைத்தாள். நீ வரவில்லை. அத்தனையையும் நானே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. இப்போது பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன் என்றால் அதற்கு நீதான் பொறுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன், நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். உன் பெரியப்பா தட்டு எறிகிறான்!

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் பிளாஸ்டிக் தட்டை எறிந்து விழவைக்கச் சங்கிலி தொங்கும் கூடைகளை நட்டு வைத்திருக்கிறார்களே, நீயும் என் மகன் நீலோவும் பழியாய்க் கிடப்பீர்களே, அங்கேதான். "பூனைக்குப் பால் ஊத்துற தட்டத் தூக்கிப் போட ஒரு விளையாட்டா?" என்று உங்களைக் கேட்டவன் நான்தான், மறுக்கவில்லை. அந்தக் கடமான் சாலையில் அவன் வண்டிக்குக் குறுக்கே வந்து நம் பிள்ளையைக் கொண்டுபோன இலையுதிர் காலத்திலிருந்து அவன் பை கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடம். பனி உருகியதும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வார் கொஞ்சம் இழுத்துவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது என்று வைத்துக்கொள். முதல் எறியே ஐம்பது மீட்டர். எதிர்காற்று இல்லாவிட்டால் எண்பது. கடைக்கார அஹ்தி மட்டும் வயிற்றெரிச்சலில், "ஏய் சுலோ, தட்ட எறியிறியா, இல்ல காப்பி பரிமாறுறியா?" என்றான். முப்பது வருடம் மரலாரி ஓட்டியவன் கையைப் பார்த்து இப்படிக் கேட்கிறான்.

எனக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். ஏழாம் எறிமேடையில் நின்று, எதிரே இருக்கும் ஊசியிலை மரங்களுக்கு மேலாக எறிந்து, ஏரிக்கரைப் பாதையில் தட்டு விழ வேண்டும். பனிக்காலம் வருவதற்குள். நீ துர்க்குவில் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் எறியக் கற்றுக்கொடுக்கிறாய். சொந்தப் பெரியப்பாவுக்கு நாலு வரி எழுத மாட்டாயா? நான் ஓடி வருகிறேன், முழு பலத்தையும் கையில் திரட்டுகிறேன், இழுத்து விடுகிறேன். தட்டு ஆடிக்கொண்டே போய்ப் புதரில் படுத்துவிடுகிறது. தட்டில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

போனில் ஏன் கேட்கவில்லை என்கிறாயா? என் போனை விட்டொழித்துவிட்டேன். கையில் இருப்பது நீலோவின் போன். அவன் ஒவ்வொரு தட்டின் அடியிலும் பெயரும் எண்ணும் எழுதி வைத்திருக்கிறான் அல்லவா, கண்டெடுத்தவர்கள் கூப்பிட வேண்டும் என்பதுதானே உங்கள் ஆட்டத்தின் வழக்கம். அவன் தொலைத்த தட்டுகள் இன்னும் காட்டிலும் குட்டையிலும் இருந்து வந்துகொண்டே இருக்கின்றன. போன வாரம் கயானியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நான் உன்னோடு அரட்டை அடிக்கும் நேரத்தில் ஒருவர் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போனால்? உன் பெரியம்மாவின் போனில் பேசலாம், ஆனால் அவள் காதும் கூடவே வரும்.

உடனே எழுது.

உன் பெரியப்பா,
ஏழாம் மேடையின் வருங்கால வீரன்,
சுலோ


துர்க்கு
மே 25

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தார். பிறகு வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அப்போது சிரிக்க முடியவில்லை. அவன் பையின் வாரை நீங்கள் இழுத்துவிட்ட இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஈஸ்டருக்கு வராதது தப்புதான். ஊருக்கு வரும் அந்தச் சாலையில் வண்டி ஓட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, பெரியப்பா. பெரியம்மாவிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, உங்கள் எறி. தட்டில் கோளாறு இல்லை. நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது, உங்கள் கை முந்திக்கொள்கிறது. முன்கால் தரையில் ஊன்றும் முன்பே இழுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அப்போது எறிவது கை மட்டும்தான், உடம்பு சும்மா கூட வருகிறது.

வரிசை இதுதான். கூடைக்கு முதுகைக் காட்டித் தட்டைப் பின்னால் முழுக்க நீட்டுங்கள். முன்கால் ஊன்றட்டும். அது ஊன்றும்வரை தட்டு பின்னாலேயே இருக்க வேண்டும். கால் நின்றதும் இடுப்பு திரும்பும், இடுப்பு தோளை இழுக்கும், தோள் முழங்கையை, முழங்கை மணிக்கட்டை. முதலில் கால், கடைசியில் கை. பனியில் முன்வண்டி சட்டென்று நின்றால் பின்வண்டி எப்படிச் சுழன்றடித்து வரும் என்று நீங்கள்தானே எங்களுக்குக் கதை கதையாய்ச் சொல்வீர்கள்? முன்வண்டி நிற்காவிட்டால் பின்வண்டி சுழலாது.

தட்டில்லாமல் பழகுங்கள். சவுனாவில் ஆவிக்குளியலுக்குப் பின் துடைக்கும் துண்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வீசுங்கள். மறுநுனி எதிரே போய்ச் சொடுக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே சொடுக்கினால் கை முந்திவிட்டது என்று அர்த்தம்.

ஒன்று கேட்கட்டுமா? புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் பக்கத்தில் போடத்தான் கற்றுக்கொள்வார்கள். உங்களுக்கு எதற்கு அவ்வளவு தூரம்?

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தூலி


குய்க்கவாரா
ஜூன் 28

என் வாத்தியாரம்மா தூலிக்கு,

பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துக்கொண்டதே இல்லை, வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் நீ சொன்ன பின்வண்டிக் கதை இருக்கிறதே, அது நேராக மண்டையில் இறங்கிவிட்டது. எந்த வாத்தியாராவது லாரியை வைத்துக் கணக்குச் சொல்லித்தந்திருந்தால் இன்று நான் மந்திரி.

சவுனாவில் துண்டை வீசினேன். கால் ஊன்றினேன், இடுப்பைத் திருப்பினேன், துண்டின் நுனி போய்த் தண்ணீர் ஊற்றும் கரண்டியைத் தூக்கிச் சூடான கல்மேல் போட்டது. உன் பெரியம்மா கதவைத் திறந்து பார்த்தாள். அம்மணமாக, ஒரு கால் முன்னே, ஒரு கை வானத்தில், நான்.

"என்ன மனுஷா இது?"

"பயிற்சி."

"எதுக்கு?"

"கால் முதல்ல, கை கடைசில."

"மூளை எப்போ வரும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நடுக்கோடை யுஹன்னுஸ் திருநாளில் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டினார்கள். ஊர் முழுக்க அங்கே. அந்த வெளிச்சத்தில் ஒன்று எறிந்து காட்டினேன் பார், நூற்றிருபது மீட்டர்! தட்டு தண்ணீருக்கு மேலே போகும்போது கெண்டை என்று நினைத்து ஒரு பெரிய மீன் எம்பிக் குதித்தது. அஹ்தியின் வாயில் இருந்த தொத்திறைச்சி கீழே விழுந்தது. அவன் மறுப்பான், நம்பாதே.

உண்மையில் எழுபது இருக்கும். சரி, அறுபது. ஆனால் நேராகப் போயிற்று.

போன் இந்த மாதம் நன்றாக ஒலித்தது. ஔலுவிலிருந்து ஒரு பையன், நல்ல குரல். "நீலோவா? உங்க ஆரஞ்சுத் தட்டு எங்கிட்ட இருக்கு" என்றான். "ஆமா" என்றேன். "செமத் தட்டுங்க, எந்தக் கைல எறிவீங்க?" என்று கேட்டான். வலது கை என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஆரஞ்சு உனக்கு ஞாபகம் இருக்கும், தண்ணீரில் மிதக்கும் வகை. எறிவதெல்லாம் ஏரியில் விழுகிறது என்று அவன் தேடி வாங்கினானே, அது.

இப்போது தட்டு நேராகப் போகிறது, ஆனால் மேலே ஏறி நின்று, செத்த வாத்துபோலக் கீழே விழுகிறது. மரங்களின் உச்சியைத் தொடுகிறது, தாண்டவில்லை. சீக்கிரம் எழுது. கோடை ஓடுகிறது.

உன் பெரியப்பா,
சுலோ


துர்க்கு
ஜூலை 11

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேலே ஏறி நின்று விழுகிறதென்றால் தட்டின் முன்விளிம்பு வானத்தைப் பார்க்கிறது. மணிக்கட்டைச் சாவியைத் திருப்புவதுபோல ஒரு சிறு திருப்பு கீழே திருப்பிப் பிடியுங்கள். இன்னொன்று, தட்டு பின்னால் போனதும் ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். நீலோவுக்கும் அதுதான் வரவே வரவில்லை. "காத்திரு, காத்திருடா" என்று நான் கத்துவேன். "எதுக்கு? கூடை எனக்காகக் காத்திருக்கட்டும்" என்பான். உங்கள் கைதான் அவனுக்கும். முந்திக்கொள்ளும் கை.

பெரியப்பா, அந்தப் பையனிடம் நீங்கள் "ஆமா" என்று சொன்னீர்களா?

பெரியம்மா கூப்பிட்டாள். கோபமாக இல்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. அந்த ஆரஞ்சுத் தட்டு இந்தக் கோடையில் மூன்றாவது முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறது என்றாள். நீலோ ஒரு தட்டை ஒருமுறைதானே தொலைத்திருக்க முடியும் என்றாள். கொட்டகைக்குப் பின்னால் நின்று நீங்கள் யாருடனோ அவன் பெயரில் பேசியதைக் காதால் கேட்டிருக்கிறாள். முதல் பனி விழுந்ததும் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

ஏழாம் மேடையும் ஏரிக்கரைப் பாதையும் இதற்காகத்தானா? நீங்களே தொலைக்கிறீர்களா?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

தூலி


குய்க்கவாரா
ஆகஸ்ட் 22

அன்பு மகளே,

உன் பெரியம்மாவுக்குக் காது ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும் என்று நான் கல்யாணத்தன்றே சொன்னேன்.

ஆமாம், நான்தான் எறிகிறேன். எறிந்துவிட்டுத் தேடாமல் வந்துவிடுகிறேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? முதல் வருடம் அவர்களாகவே கூப்பிட்டார்கள். வசந்தத்தில் அது குறைந்தது. ஏப்ரல் முழுக்க ஒன்றுகூட வரவில்லை. போனை ஜன்னலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கெட்டுப்போயிற்றோ என்று உன் பெரியம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். ஒலித்தது. அப்புறம்தான் பையை எடுத்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நீலோ இல்லை என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அஹ்திக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், பாதை போடுகிறவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் எங்கிருந்தோ வந்த ஒருவன் புதரில் குனிந்து ஒரு தட்டை எடுக்கிறான், திருப்பிப் பார்க்கிறான், எண்ணைப் போடுகிறான். "ஹலோ, நீலோவா?" அவனுக்குத் தெரியாது. தெரியாத ஆள் ஒருவன் இருக்கிறான் பார், அவன் கேட்கிற அந்த நேரத்துக்கு நம் பையன் எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நான் என்ன செய்ய? "இல்லை" என்று எப்படிச் சொல்ல?

சொல்வதோடு நிறுத்தினேனா, அதுதான் இல்லை. உனக்கு என்னைத் தெரியும். இப்போது அவனுக்கு மர ஆலையில் வேலை. ஃபோர்மேன். ஒரு நாய் இருக்கிறது, கறுப்பு, சொன்னால் கேட்காது. படகு வாங்கியிருக்கிறான், என்ஜின்தான் தொல்லை. தம்பெரே ஊர்க்காரி ஒருத்தி "சனிக்கிழமை எங்களோட ஒரு ஆட்டம் வர்றீங்களா?" என்று கேட்டாள். குரலில் சிரிப்பு. "இந்த வாரம் முடியாது, முதுகு பிடிச்சிருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், போயிருக்கலாமே, நல்ல பெண்ணாகத் தெரிகிறாளே என்று. சிரிக்காதே.

தொல்லை என்னவென்றால் என் எறிதான். பக்கத்தில் விழுந்தால் உள்ளூர்க்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள். எடுத்து, கூப்பிடாமல், அஹ்தி கடையில் தொலைந்த தட்டுப் பலகையில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அஹ்தி காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுக்கிறான். மரங்களைத் தாண்டி ஏரிக்கரைப் பாதையில் விழுந்தால்தான் வெளியூர்க்காரர்கள், பழம் பொறுக்க வருகிறவர்கள், கூடாரம் அடிக்கிறவர்கள் எடுப்பார்கள். அதற்குத்தான் தூரம் கேட்டேன்.

மற்றதெல்லாம் போய்விட்டது. சதுப்பில் புதைந்தது, சிலர் திருப்பித் தரவில்லை. எஞ்சியிருப்பது அந்த ஆரஞ்சு ஒன்றுதான். அடியில் அவன் கையாலேயே எழுதியது, நீலோ என்று, கடைசி எழுத்தில் ஒரு சுழி போட்டு.

நீ சொன்னபடி மணிக்கட்டைத் திருப்பினேன், வாத்து விழுவது நின்றது. காத்திருப்பதுதான் இன்னும் வரவில்லை. கால் ஊன்றுவதற்குள் கை போய்விடுகிறது. பனி விழுவதற்குள் ஒரே ஒரு நல்ல எறி வேண்டும், மகளே. சொல்லிக்கொடு.

உன் பெரியப்பா,
சுலோ


துர்க்கு
செப்டம்பர் 30

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அந்த நாய்க்கு என்ன பெயர் வைத்தீர்கள்? சொன்னால் கேட்காத கறுப்பு நாய் என்றால் அவனுக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

நீங்கள் செய்வது தப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெரியம்மாவுக்கு அது வலிக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து தன் பிள்ளைக்கு முதுகு பிடித்திருப்பதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கற்றுக்கொடுக்கச் சொன்னீர்கள். எஞ்சியிருப்பது ஒன்றுதான். தட்டை எப்போது விடுவது என்று எல்லோரும் கேட்பார்கள். விடவே வேண்டாம். இறுக்கிப் பிடித்திருங்கள். கால் முதலில் ஊன்றி, இடுப்பும் தோளும் முறையாக வந்து, கை கடைசியில் வந்தால், தட்டு தானாகவே விரல்களைப் பிய்த்துக்கொண்டு போகும். நீங்கள் பிடித்தாலும் நிற்காது. நீங்களாக விடுகிற எறியெல்லாம் அரைகுறை எறிதான். காத்திருப்பதற்கு ஒரு வழி: கால் தரையில் பதியும் சத்தத்தைக் காதால் கேளுங்கள். கேட்ட பிறகுதான் மற்றது.

இதை எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன், பெரியப்பா. அந்த ஆரஞ்சுத் தட்டை எறியாதீர்கள். எனக்குக் கொடுங்கள். நாங்கள் பேசியதெல்லாம் போனில், எழுதியதெல்லாம் போனில். அவன் பேனா பிடித்து எழுதிய ஒரு எழுத்துகூட என்னிடம் இல்லை. அந்தச் சுழி எனக்கு வேண்டும். பழகுவதற்கு நான் வேறு தட்டுகள் அனுப்புகிறேன், எத்தனை வேண்டுமானாலும். அவற்றில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

தபாலில் போட்டுவிடுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
தூலி


குய்க்கவாரா
அக்டோபர் 24

அன்பு மகள் தூலிக்கு,

இதுவரை நான் எழுதியதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நீ படிப்பாய். அது எனக்கும் தெரியும், அதற்குத் தக்கபடி சேர்த்தும் எழுதுவேன். இந்தக் கடிதத்தில் தள்ள ஒன்றுமில்லை. எப்படி நம்பவைப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. தபால் பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். கொடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டி எடுத்து, பழைய செய்தித்தாள் கசக்கிப் போட்டு, உன் முகவரியும் எழுதிவிட்டேன். பெட்டி இன்னும் சமையலறை மேசையில் இருக்கிறது.

தட்டை உள்ளே வைப்பதற்கு முன் ஏழாம் மேடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எறிய இல்லை. இவ்வளவு பழகியிருக்கிறோமே, கையில் அதைப் பிடித்துக்கொண்டே ஒரு வீசு வீசிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று. யாரும் இல்லை. காற்றும் இல்லை. விடக்கூடாது என்று ஐந்து விரலையும் இறுக்கினேன். சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது.

முதுகைக் காட்டி நின்றேன். தட்டு பின்னால் போயிற்று. கால் பதியும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். கேட்டது. அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை, தூலி. இடுப்பு தானாகத் திரும்பியது. கை எப்போது வந்தது என்று தெரியாது. விரலில் ஒரு சுரீர். பார்த்தால் கை காலி.

மரங்களுக்கு மேலே அது போவதைப் பார்த்தேன். ஆடவில்லை. ஊசியிலை மரத்தில் பட்ட சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

இருட்டும்வரை கரையில் தேடினேன். மறுநாள் அஹ்தி படகு கொடுத்தான், அவனும் வந்தான். நாணலுக்குள் எல்லாம் துழாவினோம். மூன்றாம் நாள் பனி விழுந்துவிட்டது.

அஹ்தி கேட்டான், "எவ்வளவு தூரம் போச்சு சுலோ?"

"பாக்கல" என்றேன்.

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "உடம்பு சரியில்லயா உனக்கு?" என்றான்.

உன் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும் சொன்னேன். பனி விழுந்துவிட்டது, எண்ணைக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்லவில்லை. இன்று காலை எழுந்து பார்த்தால் போன் சார்ஜில் இருந்தது. நான் போடவில்லை.

எழுது, மகளே. திட்டியாவது எழுது.

சுலோ


குய்க்கவாரா
டிசம்பர் 19

அன்பு மகள் தூலிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரன் புது ஆள், பாதிக் கடிதத்தைப் பனியில் போட்டுவிடுகிறான் என்று உன் பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்புவதாகச் சொன்ன தட்டுப் பார்சலும் வரவில்லை. அனுப்பினாயோ, பிறகு வேண்டாம் என்று நினைத்தாயோ. எப்படியோ, நான் இனி எறியப் போவதில்லை. முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் பெரியம்மா பின்னிய காலுறை இத்துடன். கிறிஸ்துமஸுக்கு அவன் சமாதியில் மெழுகுவர்த்தி வைக்கும்போது உன் பெயரிலும் ஒன்று வைக்கிறோம்.

நான் வேண்டுமென்று எறியவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் என் கையெழுத்தில் அது பொய்போலத்தான் இருக்கிறது.

பெரியப்பா


குய்க்கவாரா
மே 19

அன்பு மகள் தூலிக்கு,

நீ எழுதாவிட்டாலும் இதை நான் எழுதியாக வேண்டும். உனக்கு ஒரு பார்சல் வரும், திகைத்துவிடக் கூடாது.

போன வாரம் ஏரிப் பனி உடைந்து போயிற்று. நேற்று நான் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உன் பெரியம்மா உள்ளே ரொட்டி மாவோடு. ஜன்னலோரத்தில் நீலோவின் போன் ஒலித்தது. குளிர்காலம் முழுக்க ஒலிக்காத போன். நான் கையிலிருந்த கட்டையைப் போடுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். மாவுக் கையோடு. இந்த இரண்டரை வருடத்தில் அந்தப் போனில் அவள் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆமாங்க, நீலோ நம்பர்தான்."

அப்புறம் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இல்லங்க, அவன் வெளில போயிருக்கான். நான் அவன் அம்மா."

பிறகு, "ஆரஞ்சா? ஆமா ஆமா, மெதக்கும். அதுக்குன்னே தேடி வாங்கினான்." சிரித்தாள், தூலி. சிறிதாக, அடுத்த வீட்டுக்காரியிடம் பிள்ளையைப் பற்றிச் சலித்துக்கொள்ளும்போது சிரிப்பாளே, அப்படி.

"இங்க வேணாங்க. அவன் அக்கா துர்க்குல இருக்கா, அவளுக்கு அனுப்பிருங்க. அவ கேட்டா. எழுதிக்கிறீங்களா?"

உன் முகவரியைத் தெருவோடு, வீட்டு எண்ணோடு, பார்க்காமல் சொன்னாள். எதிர்முனையில் என்னவோ கேட்டிருக்கிறார்கள். "இல்லங்க, அவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி வைத்தாள்.

போனை அணைத்தாள். பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சிறு சிம் அட்டையை எடுத்து, மாவு ஒட்டாமல் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்து, கோப்பை அலமாரியில் வைத்தாள். அப்புறம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "விறகு போதும் மனுஷா, காப்பி ஆறுது" என்றாள்.

நான் காப்பி குடித்தேன். ஆயுள் முழுக்கக் கதை அளந்தவன் நான், மகளே. அப்படி ஒரு வார்த்தை எனக்கு வந்ததே இல்லை. வேலை, நாய், படகு என்று என்னென்னவோ கட்டினேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கூப்பிட்டது எதிர்க்கரையில் கோடை வீடு வைத்திருக்கும் அம்மாளாம். படித்துறைப் பலகையை இறக்கப் போனபோது கற்களுக்கு நடுவே கிடந்ததாம். ஏரியையே தாண்டிவிட்டது என்று அஹ்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான், உருளைக்கிழங்கு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கையால் அளந்து காட்டுகிறான். நான் அவனைத் திருத்திவிட்டேன். நான் எறிந்தது தண்ணீர் வரைதான். மீதியை ஏரி செய்தது, பனிக்கட்டி செய்தது.

தட்டு வந்ததும் சேறு இருந்தால் வெறும் தண்ணீரில் கழுவு. அடிப்பக்கத்தைத் தேய்க்காதே, ஸ்பிரிட் போடாதே, மை போய்விடும். சுழி இருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுது. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் உன் பெரியம்மாவுக்கு எழுது. அவள் படித்துவிட்டு மேசையில் வைப்பாள்.

கடிதமாகவே எழுது. கூப்பிட வேண்டாம். இன்று காலை நாங்கள் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போய் நீலோவின் போன் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

உன் பெரியப்பா,
சுலோ